சில்லறைக்குக் கணக்கில்லை!

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு உடனே ஞாபகம் வருகிறவர் பாண்டித்துரைத் தேவர். அந்த ஊர் ஜமீன்தார். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். யாரோ ஒருவர் திருக்குறளைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி அச்சடித்துவிட, அத்தனை பிரதிகளையும் காசு கொடுத்து வாங்கி, ஒன்றுகூட வெளியே போகாதபடி அழித்துவிட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

எழுத்தைத் திருத்தினதற்கே இந்தக் கோபம்! எண்ணைத் திருத்தினால்? அப்படிப் பார்த்தால், உலகத்துச் சரித்திரப் புத்தகங்களில் யுத்தம் பற்றி எழுதின பக்கங்களில் பாதியையாவது விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஜமீன் தாங்காது!

விருதுநகர் - அருப்புக்கோட்டை சாலையில் எந்த டீக்கடை பெஞ்சில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, பழைய சண்டை எதையாவது பற்றிப் பேச்சை ஆரம்பித்துப் பாருங்கள்.

"அவன் பக்கம் ஒரு லட்சம் பேரு மாமா! நம்ம பக்கம் வெறும் பத்தாயிரம்தான். அப்படியும் நின்னு அடிச்சாங்கல்ல!"

டீக்கடையை விடுங்கள். மகா மகா சரித்திர ஆசிரியர்களும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரிப் படை எப்போதும் கடல் மாதிரி இருக்கும். நம்ம படை கைப்பிடிதான். செத்தவர்கள் கணக்கு மட்டும் தலைகீழ். அங்கே மலை மலையாக, இங்கே விரல் விட்டு எண்ணலாம். ஜெயித்தால் வீரம், தோற்றால், 'அத்தனை பேர் வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?' எப்படியும் மானம் போகாது.

மரக்கால் கணக்கு

கி.மு. 480-ல் பாரசீக ராஜா செர்க்ஸஸ், கிரேக்க நாட்டின் மீது படை எடுத்துப் போனார். எத்தனை பேர் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். வேலையாட்கள் எல்லாம் சேர்த்து 52,83,220 பேர்! கடைசியில் வருகிற அந்த 220-ஐ கவனியுங்கள். ஐம்பது லட்சம் என்று சொன்னால் சந்தேகப்படுவோம். 220 பேரைத் தனியாகச் சொன்னால், 'அடடா, மனுஷன் ஒருத்தர் விடாமல் எண்ணியிருக்கிறாரே' என்று நம்பிவிடுவோம் இல்லையா?

எப்படி எண்ணினார்களாம்? முதலில் 10,000 பேரை ஓர் இடத்தில் நெருக்கி நிறுத்தி, சுற்றிலும் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் இடுப்பளவு சுவர் கட்டினார்களாம். அப்புறம் அந்தப் பட்டிக்குள் ஆட்களை ரொப்பி ரொப்பி வெளியே விட்டார்களாம். 170 தடவை ரொம்பியது. ஆகக் காலாட்படை மட்டும் 17 லட்சம். நம்ம ஊர்க் களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளக்கிற அதே டெக்னிக்! மரக்காலைத் தலை தட்டி அளந்தார்களா, கும்பாச்சியாக அளந்தார்களா என்பதுதான் கேள்வி.

ஹான்ஸ் டெல்புரூக் என்று ஒரு ஜெர்மன் பேராசிரியர் இருந்தார். அவர் இந்த மாதிரிக் கணக்குகளை எல்லாம் எடுத்துச் சாலையில் நடக்கவிட்டுப் பார்த்தவர். 'இத்தனை பேர் வரிசையில் போனால், படையின் தலை கிரேக்க நாட்டுத் தெர்மாபிலே கணவாயைத் தொடும்போது, வால் இன்னும் பாரசீகத்து சூசா நகரத்தைவிட்டே கிளம்பியிருக்காதே!' என்றார். அத்தோடு ஐம்பது லட்சம் படுத்துவிட்டது. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சில லட்சங்களுக்குள்தான் நிற்கிறார்கள்.

கரிசல்காட்டில் ஒரு லட்சம்

பேராசிரியரின் வித்தையை நம்ம ஊரில் செய்து பார்ப்போமா? காகிதத்தை எடுங்கள். ஒரு லட்சம் பேர் கொண்ட ஒரு படை அருப்புக்கோட்டைச் சீமை வழியாக மதுரைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா, கணக்குக்குத்தான்.

வரிசைக்கு நாலு பேர். மொத்தம் 25,000 வரிசை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 2 மீட்டர். ஆக, படையின் நீளம் 50 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். அதாவது, முன்னால் போகிறவன் மதுரையில் போய் உட்கார்ந்து காலை நீட்டும்போது, கடைசி ஆள் அருப்புக்கோட்டையில் இன்னும் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருப்பான்! இத்தனைக்கும் யானை, குதிரை, பீரங்கி, வண்டி எதையும் நாம் சேர்க்கவில்லை.

சாப்பாடு? ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தானியம் என்றால் 75,000 கிலோ. 75 கிலோ மூட்டையாக 1,000 மூட்டை. வண்டிக்குப் பத்து மூட்டை ஏற்றினால் தினம் நூறு மாட்டுவண்டி. பத்து நாள் பயணத்துக்கு ஆயிரம் வண்டி, இரண்டாயிரம் மாடு. அந்த மாடுகளுக்குத் தீவனம் ஏற்ற இன்னும் வண்டி. அந்த வண்டி மாடுகளுக்கு..? போதும், தலை சுற்றுகிறது.

தண்ணீர்தான் பெரிய கேள்வி. ஆளுக்குக் குடிக்க, கஞ்சி காய்ச்ச வெறும் 5 லிட்டர் என்றால் 5 லட்சம் லிட்டர். பத்தாயிரம் குதிரைக்குத் தலா 35 லிட்டர் வைத்தால் மூன்றரை லட்சம். இருபதாயிரம் மாட்டுக்கு ஏழு லட்சம். ஆயிரம் யானைக்குத் தலா 150 லிட்டர் வைத்தால் ஒன்றரை லட்சம். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 17 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 142 லாரி. குளிக்க, துவைக்கத் தனி.

மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் வானம் என்று வாழ்கிற சீமை இது. குண்டாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். ஒரு குடத்துக்கு ஒன்றரை மைல் நடந்த பாட்டிகளைக் கேளுங்கள், எந்தச் சரித்திர ஆசிரியரையும் ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார்கள். "லட்சம் பேரா? தண்ணிக்கு எங்கேய்யா போனாங்க?"

அதுதான் சரியான கேள்வி. படையின் அளவைத் தீர்மானிப்பது ராஜாவின் ஆசை மட்டும் கிடையாது. கண்மாயும் களஞ்சியமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புராணக் கணக்கு வேறு விஷயம். அதோடு சண்டைக்குப் போகக் கூடாது. ஓர் அக்ரோணி என்பது 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். பாரத யுத்தத்தில் பாண்டவர் பக்கம் ஏழு, கௌரவர் பக்கம் பதினொன்று, ஆக மொத்தம் 18 அக்ரோணி. யானை மட்டும் 3,93,660 வருகிறது. 2017-ல் எடுத்த கணக்கில் இந்தியா முழுக்கக் காட்டு யானைகள் 27,312-தான். பதினாலு இந்தியா வேண்டும்! கூத்து பார்க்கிறவன் இதைக் கேட்க மாட்டான். கேட்கவும் வேண்டாம்.

எண்ணினவர் யார்?

இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டவர் பாபர். 1526 பானிப்பட்டுச் சண்டைக்கு வரும் வழியில், சிந்து நதியைத் தாண்டும்போது ஆட்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். பெரியவன், சின்னவன், சண்டைக்காரன், எடுபிடி எல்லாரையும் சேர்த்து 12,000. இது கையால் எண்ணின கணக்கு. எதிரி இப்ராஹிம் லோடியின் படையோ ஒரு லட்சம் பேர், ஆயிரம் யானை என்று எழுதுகிறார். அதை அவர் எண்ணவில்லை. கேள்விப்பட்டது!

செத்தவர் கணக்கில்தான் வேடிக்கை. லோடியின் உடல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஐந்தாறு ஆயிரம் பேர் கிடந்தார்கள். மொத்தத்தில் பதினையாயிரம், பதினாறாயிரம் இருக்கும் என்று தாங்கள் மதிப்புப் போட்டதாக எழுதுகிறார் பாபர். ஆக்ராவுக்குப் போனால், அங்கே ஜனங்கள் நாற்பது, ஐம்பதாயிரம் என்று பேசிக்கொள்கிறார்களாம். களத்திலிருந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் கணக்கு மூன்று மடங்கு! இரண்டையும் எழுதி வைத்தாரே, அந்த மட்டில் அவருக்கு ஒரு சலாம்.

படை எண்ணிக்கையே சரியாக இருந்தாலும், வந்தவர் எல்லாம் சண்டை போட்டவர் ஆக மாட்டார். 1757 பிளாசியில் கிளைவ் பக்கம் ஏறக்குறைய 3,000 பேர். நவாப் சிராஜுத் தௌலா பக்கம் 50,000 என்பார்கள். 'மூவாயிரம் பேர் ஐம்பதாயிரத்தை ஜெயித்தார்கள்' என்று பள்ளிக்கூடத்தில் படித்து வாயைப் பிளந்திருக்கிறோம். அந்த ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி மீர் ஜாபர் கோஷ்டியிடம் இருந்தது. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் எல்லாம் மொய் எழுதினார்களா என்ன? கம்பெனி பக்கம் செத்தவர்கள் 22 பேர், காயம் 50. நவாப் பக்கம் சுமார் 500. ஒரு தேசத்தின் தலையெழுத்து மாற, அவ்வளவு ரத்தம் போதுமாக இருந்தது.

கேஷுவாலிட்டி வார்டு

இன்னொரு பெரிய குழப்பம் ஒரே ஒரு வார்த்தையால் வருகிறது. இங்கிலீஷ் புத்தகத்தில் 'கேஷுவாலிட்டி' என்று போட்டிருப்பான். நம்ம ஆள் அதைப் பார்த்ததும் 'மாண்டவர்கள்' என்று மொழிபெயர்த்துவிடுவார். பெரியாஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி வார்டும் பிணவறையும் ஒன்றா சார்? செத்தவன், காயம்பட்டவன், காணாமல் போனவன், பிடிபட்டவன் எல்லாரும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு.

1916 ஜூலை 1-ம் தேதி. முதல் உலக யுத்தம். பிரான்ஸில் சோம் நதிக்கரை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் சேதம் 57,470. இதில் செத்தவர்கள் 19,240. ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தால் முப்பத்தெட்டாயிரம் பேரைக் கூடக் கொன்ற பாவம் நமக்கு வந்து சேரும்!

சண்டையில் செத்தவரைவிட வழியில் செத்தவர் அதிகம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1812-ல் நெப்போலியன் ரஷ்யா மீது போனாரே, அதை மினார் என்ற பிரெஞ்சு இஞ்சினீயர் 1869-ல் ஒரு படமாகவே வரைந்து காட்டினார். போனவர்கள் 4,22,000. திரும்பினவர்கள் 10,000. பெரும்பாலோரைக் கொன்றது ரஷ்யத் துப்பாக்கி இல்லை. பசி, சுரம், குளிர்.

முத்து, மொகரா, சில்லறை

இதுவரைக்கும் சிரித்தோம். இனிமேல் கொஞ்சம் நிதானம்.

1761 ஜனவரி 14. மூன்றாம் பானிப்பட்டு யுத்தம். ஆப்கானியரிடம் மராட்டியர் தோற்றார்கள். சண்டைக்காரர்கள் மட்டுமா? கூடவே க்ஷேத்திராடனம் வந்தவர்கள், பெண்டு பிள்ளைகள், கடைக்காரர்கள், சமையல்காரர்கள் என்று ஓர் ஊரே போயிருந்தது. பூனாவிலிருந்து கிளம்பி வந்த பேஷ்வாவுக்கு வழியில் ஒரு லேவாதேவிக்காரரின் கடிதம் கிடைத்தது. யாருக்கும் புரியக் கூடாது என்று வியாபார பாஷையில் எழுதியிருந்தது. இரண்டு முத்து கரைந்துவிட்டது, இருபத்தேழு தங்க மொகரா தொலைந்தது, வெள்ளி, செம்புக் காசுகளைக் கூட்டிச் சொல்ல முடியாது என்று சங்கதி.

இரண்டு முத்து என்பது பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவும் தளபதி சதாசிவராவும். மொகரா என்றால் சர்தார்கள். செம்புக்காசு? அதுதான் மற்றவர்கள். அடுப்பு மூட்டினவன், புல் அறுத்தவன், ஈட்டி பிடித்தவன். சில்லறைக்குக் கணக்கில்லை!

உலகத்தில் எல்லா யுத்தக் கணக்கும் இந்த ஒரு கடிதத்துக்குள் அடக்கம். பெரிய ஆளுக்குப் பெயர். நம்ம ஆளுக்கு எண். எதிராளிக்குக் கடைசியில் நாலு சைபர்.

ஜெயித்த பிறகு எதிரியின் சாவை வருத்தத்தோடு கல்லில் எழுதி வைத்தவர் அசோகர். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துப் போகப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் மடிந்தார்கள் என்கிறது அவருடைய 13-ம் பாறைக் கல்வெட்டு. நம்ம பாண்டியர், சோழர் பெயரும் அதே கல்வெட்டில் வருகிறது. ஆனால் கலிங்க தேசத்துக்குள்ளேயே இருக்கிற தௌலி, ஜௌகடா பாறைகளில் மட்டும் அந்த வாசகத்தை வெட்டவில்லை. வேறு வாசகம் வெட்டினார்கள். செத்தவர்களின் சொந்த ஊரில் அந்தக் கணக்கு இல்லை!

இதற்கு நேர்மாறாக ஒரு கல் நம்ம பக்கத்தில் இருக்கிறது. 2006-ல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில் சில நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. கூடலூரில் மாடு பிடிக்கிற சண்டையில் செத்த ஓர் ஆளின் கல் அதில் ஒன்று. ராஜா இல்லை, தளபதி இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது. தீயன் அந்தவன். லட்சத்தில் ஒருவனாக அவனைக் கரைக்காமல், ஒருவனாகவே நட்டு வைத்திருக்கிறார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கணக்கு

இனி நம்ம சீமைக்குப் பக்கத்தில் நடந்த கதை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவர் தப்பி வந்தார். வந்த சில நாளில், இடித்த இடத்தில் மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. கம்பெனிக்காரனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

இதை எல்லாம் நேரில் இருந்து பார்த்து எழுதினவர் கர்னல் வெல்ஷ். அவர் புத்தகம் 1830-ல் வெளிவந்தது. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டவர், பிறகு அவரையே எதிர்த்துச் சண்டைக்குப் போனவர். 1801 மார்ச் 31-ல் கோட்டையை முட்டினார்கள். ஏறிப் போன வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 120. காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர் என்கிறார். சுற்றி வளைத்துச் சொல்லாமல், முழு எண்ணாக்காமல், நாற்பத்தாறு. ஏன் அவ்வளவு சுத்தம்? சாயங்காலம் பெயர் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஊருக்குக் கடிதம் போக வேண்டும். செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இன்றைக்கும் இருக்கின்றன.

மே 24-ல் பெரிய பீரங்கிகள் வந்து கோட்டை விழுந்தது. உள்ளே இருந்து செத்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் ஏது? யார் பெயர் கூப்பிடுவார்கள்? கம்பெனியோடு வந்த எட்டயபுரத்து ஆட்களும், கம்பெனியின் கறுப்புச் சிப்பாய்களும்கூட இந்த மண்ணின் பிள்ளைகள்தான். அவர்களும் சில்லறைக் கணக்கில்தான் போனார்கள். பிறகு சண்டை வடக்கே சிவகங்கைச் சீமைக்கு நகர்ந்தது. நடுவில் கிடந்தது அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல்காடு. பட்டாளம் குடித்த கண்மாய், பறித்த கம்பு, ஓட்டிப்போன மாடு இதெல்லாம் 'சேதம்' என்ற தலைப்பில் வருவதே இல்லை.

அடுத்த முறை ஒரு யுத்தக் கணக்கைப் பார்த்தால், அது பாடப் புத்தகமோ டி.வி. செய்தியோ, மூன்று கேள்வி கேளுங்கள்.

* எண்ணினவர் எந்தப் பக்கத்து ஆள்? எண்ணினாரா, கேள்விப்பட்டாரா?

* கணக்கில் யார் யார் சேர்த்தி? செத்தவரா, காயம்பட்டவருமா? சமையல்காரர் உண்டா?

* அத்தனை பேருக்கும் தண்ணிக்கு எங்கே போனார்கள்?

நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். யாருடைய பிள்ளை?

வெல்ஷ் புத்தகத்திலேயே அதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. கோட்டை விழுந்த அன்றைக்கு, கொஞ்ச தூரத்தில் குவிந்து கிடந்த உடல்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். கண்டுபிடித்தாள். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. தூக்கப் போனவளை மகன் தடுத்தான். 'என்னை விடு ஆத்தா. பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று' என்ற மாதிரிச் சொன்னானாம். சாமி என்றது ஊமைத்துரையை. அந்த அம்மாள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர் மேல் துணியை மூடி, பெரியம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

ஊமைத்துரை அன்றைக்குப் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து, 1801 நவம்பர் 16-ல், அதே பாஞ்சாலங்குறிச்சியில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அது தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது.

களத்தில் மகனை விட்டுவிட்டு வந்தாளே அந்த அம்மாள், அவளுக்கு அன்றைய சேதம் எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால், ஆயிரமும் லட்சமும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.